முடித்த வேலைக்குப் பணம் எப்போது வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டுமானத் தொழிலைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் விலையோடு நின்றுவிடுகின்றன. விலை ஏற்றம் எங்களையும் வாட்டத்தான் செய்கிறது. 2025 ஏப்ரலில் கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் விலையை எப்படியோ சமாளித்துவிடுகிறோம். சிறிய, நடுத்தர ஒப்பந்ததாரர்களைத் தொழிலை விட்டே ஓட வைப்பது வேறொன்று. முடித்த வேலைக்கான பணம் எந்த மாதம் வரும் என்று யாருமே சொல்ல முடியாத நிலை அது.

நான் அரியலூர் மாவட்டத்தில் வடிகால், சிமெண்ட் சாலை, அங்கன்வாடிக் கட்டடம், பள்ளிச் சுற்றுச்சுவர் போன்ற அரசு வேலைகளை எடுத்துச் செய்கிறவன். டெண்டர் போடும்போதே முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். வேலை கிடைத்தால் மேற்கொண்டு ஒப்பந்த வைப்புத் தொகை. கம்பியும் சிமெண்டும் பாதி ரொக்கம், பாதி கடன். கூலியை மட்டும் கடன் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர் எல்லோர் கையிலும் பணம் போயாக வேண்டும். கூரை கான்கிரீட் போடும் நாளில் மிக்சர் வாடகை, வைப்ரேட்டர், டீசல், ஆட்களுக்கு டீ, மதியச் சாப்பாடு என்று எல்லாம் அன்றைக்கே ரொக்கமாகப் போய்விடும்.

வேலை முடிந்ததும் பொறியாளர் வந்து அளந்து எம்-புக் என்னும் அளவைப் பதிவேட்டில் பதிகிறார். மேலதிகாரி சரிபார்க்கிறார், பில் தயாராகிறது. அதற்கப்புறம்தான் எங்கள் காத்திருப்பே தொடங்குகிறது. போய்க் கேட்டால், "வேலையில ஒரு குறையும் இல்லைங்க, நிதிதான் இன்னும் ஒதுக்கி வரலை" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பணம் கையில் இல்லாமலே டெண்டர் விடும் பழக்கம் மேலிருந்து வருகிறது. மார்ச் நெருங்கினால் கொஞ்சம் அசையும், அதுவும் முழுசாக வராது. இடைப்பட்ட மாதங்களில் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது. அதுவும் போதாமல் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால் வருடத்துக்கு 36 விழுக்காடு. இந்தத் தொழிலில் எல்லாம் போக பத்து விழுக்காடு மிஞ்சினாலே பெரிய காரியம். சில மாத வட்டியிலேயே அது கரைந்துவிடும்.

ஜி.எஸ்.டி. சட்டம் இதில் எங்களை எப்படி மாட்டிவிடுகிறது என்பது வெளியில் அதிகம் தெரியாது. அரசு வேலைகளுக்கான வரி 2022 ஜூலை 18 முதல் 12-லிருந்து 18 விழுக்காடானது. விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) போட்டுவிட்டால், அரசு பணம் தந்தாலும் தராவிட்டாலும் நாங்கள் வரி கட்ட வேண்டும். பணம் தாமதமாவதால் கம்பிக் கடைக்காரருக்கு 180 நாளுக்குள் கொடுக்க முடியாமல் போனால், அந்தக் கம்பிக்கு எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை, அதாவது கம்பிக்கான வரியை எங்கள் வரியில் கழித்துக்கொண்ட தொகையை, வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்கிறது சட்டம். அரசு எனக்குத் தராததால் நான் கடைக்காரருக்குத் தரவில்லை, அதற்கு அபராதம் போல வட்டி எனக்கு! இது எந்த ஊர் நியாயம்?

பில் வரும்போதும் முழுத் தொகை வருவதில்லை. பத்து லட்ச ரூபாய் பில்லில் வருமான வரிப் பிடித்தம் ஒரு விழுக்காடு, ஜி.எஸ்.டி. பிடித்தம் இரண்டு, தொழிலாளர் நல நிதி ஒன்று, அதோடு பராமரிப்புக் காலத்துக்காக நிறுத்தி வைக்கும் தொகை. நல நிதியில் எனக்கு வருத்தமே இல்லை, அது தொழிலாளிக்குப் போய்ச் சேரட்டும். ஆனால் பிடித்த ஜி.எஸ்.டி.க்கு அலுவலகம் உரிய படிவத்தைத் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் என் கணக்கில் ஏறும். அந்தப் படிவத்துக்காகவும் நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் கட்டுமானம் போன்ற பணி ஒப்பந்தங்கள் இதில் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் போன்றவை தீர்ப்பளித்திருக்கின்றன. சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் கொள்முதல் கொள்கை தரும் முன்வைப்புத் தொகை விலக்கும் கட்டுமான வேலைக்கு இல்லை. சிறு நிறுவனமாகப் பதிந்ததற்கான உத்யம் சான்றிதழ் எங்களிடமும் இருக்கிறது. கூலிக்கு ஆள் வைத்து வியர்வை சிந்துகிற தொழிலுக்கு மட்டும் ஏன் இந்தப் பாதுகாப்பு இல்லை? நாடாளுமன்றம் நினைத்தால் ஒரே திருத்தத்தில் இதைச் சரிசெய்யலாம். நம் எம்.பி.க்கள் ஒருவராவது இதை அவையில் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல சின்னச் சாலைகளைச் சேர்த்து ஒரே பேக்கேஜாக டெண்டர் விடுவது கூடிக்கொண்டே போகிறது. சொந்தமாகத் தார்க் கலவை தயாரிக்கும் ஹாட்மிக்ஸ் பிளாண்ட் வேண்டும், அதே அளவு வேலை ஏற்கெனவே செய்த அனுபவம் வேண்டும் என்று நிபந்தனைகள். நாங்கள் உள்ளே நுழையவே முடியாது. கடைசியில் பெரிய ஒப்பந்ததாரர் எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்து எங்களிடமே தருகிறார், அவர் பங்கைக் கழித்துக்கொண்டு. மீதியில் சிமெண்டைக் குறைக்காமல் வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது செய்கிறவருக்குத்தான் தெரியும். தரம் கெட்டுப்போனால் நஷ்டம் ஊர் மக்களுக்கு.

தமிழக அரசிடம் நாங்கள் சலுகை கேட்கவில்லை. நிதி ஒதுக்கிய பிறகு டெண்டர் விடுங்கள். எம்-புக்கில் பதிந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தாருங்கள், தாண்டினால் வட்டி தாருங்கள். நிலுவை பில்களை ஒன்றியம் வாரியாக, பதிந்த தேதியோடு இணையத்தில் போடுங்கள். டெண்டரையே இணையத்தில் நடத்துகிற அரசுக்கு இது பெரிய வேலையா? வரிசைப்படி பணம் போகிறதா, யாருக்காவது முந்திப் போகிறதா என்பதும் அதில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் மாவட்ட நிருபர்கள் ஒவ்வொரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் ஒரு கேள்வி கேட்டு எழுத வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்: முடிந்து, அளந்து, திறந்தும் வைத்துவிட்ட வேலைகளில் இன்னும் பணம் தராதவை எத்தனை? நாங்களே போய்க் கேட்டால் அடுத்த பில் இன்னும் தள்ளிப்போகுமோ என்ற பயம் இருக்கிறது. என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதும் அதனால்தான்.

இப்படிக்கு,
ஒரு சிறு ஒப்பந்ததாரர்,
அரியலூர் மாவட்டம்.