மேஜ் எடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

'பால்டர்ஸ் கேட்' கணினி ஆட்டத்தை வாங்கிவிட்டாய், ஆனால் கேரக்டர் உருவாக்கும் திரையைத் தாண்டாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று சித்தி சொன்னார். உன் மெசேஜும் பார்த்தேன். "எல்லாரும் ஃபைட்டர் எடுன்னு சொல்றாங்க, எனக்கு மேஜ் மேலதான் கண்ணு. என்ன பண்ணட்டும்க்கா?" போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். இதே கேள்வியோடு வேறு சிலரும் இருப்பார்கள். அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

மேஜ், அதாவது மந்திரவாதி, எடு. அது என் பதில். ஆனால் ஃபைட்டர், அதாவது சண்டைக்காரன், எடு என்று சொல்கிறவர்கள் சும்மா சொல்லவில்லை. அவர்கள் சொல்வதில் இருக்கும் நியாயத்தை முதலில் தெரிந்துகொள். தெரியாமல் எடுத்தால் முதல் சாயங்காலமே வெறுத்துப்போய் அழித்துவிடுவாய்.

1998 டிசம்பரில் வந்த ஆட்டம் இது. உருவாக்கியது பயோவேர். உன்னிடம் இருப்பது 2012இல் வந்த 'என்ஹான்ஸ்டு எடிஷன்'. படமும் வசதிகளும் மெருகேறியிருந்தாலும் உள்ளே ஓடுவது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பகடை ஆட்டத்தின் பழைய இரண்டாம் பதிப்பு விதிகள்தான். அந்த விதிகள் ஒன்றாம் லெவல் மேஜிடம் கொஞ்சமும் இரக்கம் காட்டாது. ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி, ஒவ்வொரு லெவலுக்கும் பகடை உருட்டித்தான் கிடைக்கும்: ஃபைட்டருக்குப் பத்து முகப் பகடை, மதகுருவான கிளெரிக்குக்கு எட்டு, திருடனான தீஃபுக்கு ஆறு, மேஜுக்கு நான்கு. முதல் லெவலில் பகடையின் முழு எண் கிடைக்கும் என்பதால் ஃபைட்டர் 10 ஹிட் பாயின்டோடு தொடங்குவான், நீ நான்கோடு. கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 18 வைத்தால் ஃபைட்டருக்கு இன்னும் நான்கு சேர்ந்து 14 ஆகும். உனக்கு அதிகபட்சம் இரண்டுதான் சேரும், அதுவும் 16லேயே கிடைத்துவிடும். ஆக ஆறு. ஓர் ஓநாய் இரண்டு தடவை கடித்தால் முடிந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த ஆட்டத்தில் உன் கூட வருகிறவர்கள் செத்தால் கோயிலுக்குத் தூக்கிப்போய் காசு கொடுத்து எழுப்பலாம். நீ செத்தால் ஆட்டமே அங்கே நின்றுவிடும், முன்பு சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஸ்டோரி மோட் என்ற சுலப நிலையில் ஆடினால் இந்தக் கவலையே இல்லை, ஆனால் அதில் ஆடாதே, பயம் இல்லாவிட்டால் மேஜுக்கு ருசியே கிடையாது. உன் பார்ட்டியில், அதாவது குழுவில், இருக்கிற ஆறு பேரில் சாகவே கூடாத ஒருவருக்கு இருப்பதிலேயே மெல்லிய உடம்பைக் கொடுப்பானேன் என்பதுதான் ஃபைட்டர் எடு என்கிறவர்களின் வாதம். சரியான வாதம்தான்.

அப்படியிருந்தும் ஏன் மேஜ் என்கிறேன்? கிளாஸை, அதாவது கேரக்டரின் வகையை, தேர்வு செய்யும்போது பெரும்பாலானவர்கள் பலத்தைத்தான் பார்க்கிறார்கள், யார் அதிகம் அடிப்பார்கள், யார் அதிகம் தாங்குவார்கள் என்று. நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். ஒரு சண்டையில் எந்த நேரம் உன்னுடையது? தீஃபுக்கு சண்டைக்கு முந்தைய நேரம். இருட்டில் ஒதுங்கிப் போய் எதிரி எங்கே நிற்கிறான் என்று பார்ப்பது, பொறியைக் கண்டுபிடிப்பது, முதுகுப்பக்கம் போய் ஒரே குத்து. ஃபைட்டருக்கு சண்டை முழுவதும். வாசலை அடைத்து நின்று வாங்கிக்கொண்டே கொடுப்பது. கிளெரிக்குக்கு சண்டைக்கு முன்னால் ஆசி, பின்னால் சிகிச்சை. மேஜுக்கு ஒரே ஒரு கணம். அந்தக் கணத்தைச் சரியாகப் பிடித்தால் சண்டை அங்கேயே முடிந்துவிடும். தப்பவிட்டால் நீ வெறும் பார்வையாளன்.

உன்னை எனக்குத் தெரியும். செஸ்ஸில் ஒரு காய் நகர்த்த எதிராளி டீ குடித்துவிட்டு வரும் அளவுக்கு யோசிக்கிறவன் நீ. இந்த ஆட்டத்தில் எந்த நேரத்திலும் ஸ்பேஸ் பாரைத் தட்டி எல்லாவற்றையும் உறைய வைக்கலாம். பறக்கும் அம்பு பாதி வழியில் நிற்கும். யோசி, இடம் பார், பிறகு விடு. ஃபைட்டர் எடுத்தால் இந்த வசதி உனக்குப் பாதிகூடப் பயன்படாது. எதிரியைக் காட்டிவிட்டு வெட்டட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பாய். ஃபைட்டரைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்தக் கதையில் அந்த நாட்டு இரும்பே கெட்டுப்போய்க் கிடக்கிறது, நல்ல சண்டையின் நடுவில் சாதாரண வாள் கையிலேயே உடையும். அதற்காக இன்னொரு வாளைத் தயாராக இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவதில் ஒரு சுவை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது உன் சுவை இல்லை.

"என் பார்ட்டிக்கு எந்தக் கிளாஸ் இல்லையோ அதை எடுக்கட்டுமா?" என்றும் கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியே இங்கே தேவையில்லை. இந்த ஆட்டத்தின் முதல் வெளியீட்டிலேயே உன்னோடு சேரக்கூடியவர்கள் 25 பேர். ஆட்டம் தொடங்கும் கேண்டில்கீப்பை விட்டு வெளியேறிய மறுநாளே இமோயென் வந்து சேருவாள், தீஃப். ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன் என்ற விடுதியில் காலிட் ஃபைட்டர், ஜஹெய்ரா ஃபைட்டரும் ட்ரூயிடும் (இயற்கையை வணங்கும் பூசாரி) சேர்ந்தவள். நாஷ்கெல் ஊருக்குப் போனால் மின்ஸ்க், காட்டு வீரனான ரேஞ்சர். அந்தப் பக்கத்துத் திருவிழாத் திடலில் கல்லாகி நிற்கும் பிரான்வென், கிளெரிக். கதை போகிற வழியிலேயே உன்னைச் சுற்றி முன்வரிசை தானாக அமைந்துவிடும். மேஜ்களும் கிடைப்பார்கள், ஆனால் எட்வினைச் சேர்க்க வேண்டுமென்றால் அவன் ஒரு கொலைக்கு உன்னை அழைப்பான், டைனஹெய்ரைச் சேர்க்க வேண்டுமென்றால் நோல் அரக்கர்களின் கோட்டை வரை போய் மீட்க வேண்டும். ஃபைட்டர்கள் சுலபமாகக் கிடைக்கும் ஆட்டத்தில் நீயும் இன்னொரு ஃபைட்டராக இருக்க என்ன அவசியம்?

இனி முதல் சில மணி நேரம். உயிர் பிழைப்பது அங்கேதான் முடிவாகிறது.

எண்கள் குலுக்கும் திரையில் அவசரப்படாதே. ரீரோல் எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாம், நல்லது வந்தால் ஸ்டோர் போட்டு வைத்துவிட்டு மேலும் முயலலாம். இன்டெலிஜென்ஸ் (அறிவு) 18, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18, கான்ஸ்டிடியூஷன் 16. இந்த மூன்றில் விட்டுக்கொடுக்காதே. டெக்ஸ்டெரிட்டி 18 இருந்தால் உன் ஆர்மர் கிளாஸில், அதாவது அடி படாமல் தப்பும் எண்ணில், நான்கு புள்ளி நன்மை. கவசமே போட முடியாத உனக்கு அதுதான் கவசம். ஸ்ட்ரெங்த்திலிருந்து எடுத்துக்கொள், சுமையைத் தூக்க மின்ஸ்க் இருக்கிறான். ஏதாவது ஒரு பிரிவில் ஸ்பெஷலிஸ்ட் மேஜாக வந்தால் ஒவ்வொரு வட்டத்திலும், அதாவது மந்திரப் படிநிலையிலும், ஒரு மந்திரம் கூடுதல். ஒன்றாம் லெவலில் சாதாரண மேஜுக்கு ஒன்றே ஒன்று, உனக்கு இரண்டு. இரு மடங்கு! அதற்கு விலையாக எதிர்ப்பிரிவு மந்திரங்கள் கிடைக்காது. எது எதற்கு எதிர் என்று அந்தத் திரையிலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டு எடு.

முதல் மந்திரம் எதுவென்றால், யோசிக்கவே வேண்டாம், ஸ்லீப், தூங்க வைக்கும் மந்திரம். கூட்டமாக வரும் கிப்பர்லிங், ஸ்வார்ட், கோபோல்ட் போன்ற குட்டி அரக்கர்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். இறந்தும் நடமாடும் அன்டெட் வகையும், அதிக லெவல் உள்ளவையும் தப்பிக்கும். நீ தெற்கே போகும் வழியில் ஏழெட்டு ஸ்வார்ட் ஒன்றாக ஓடி வரும். மேஜ் இல்லாத பார்ட்டி அங்கே ரத்தம் சிந்தும். நீ ஸ்பேஸ் பாரைத் தட்டு. அவை பரவாமல் ஒரே குவியலாக இருக்கும் நொடியைப் பார்த்து நடுவில் விடு. வரிசையாகச் சரிந்து விழும். தூங்குகிறவனை அடித்தால் அடி தவறாது. இமோயென் வில்லோடு நின்று ஒவ்வொன்றாக முடிப்பாள். ஆறு ஹிட் பாயின்ட் உள்ள ஒருத்தன் ஒரு கூட்டத்தையே சாய்த்துவிட்டு, அடுத்த மந்திரத்துக்கு எட்டு மணி நேரம் படுத்துத் தூங்க வேண்டிய நிலையில் நிற்பான். அந்தப் பெருமையும் அந்தப் பயமும் ஒரே நேரத்தில் வருவதைத்தான் நான் உனக்குத் தர ஆசைப்படுகிறேன். வேறு எந்த கிளாஸிலும் அது இல்லை.

கேண்டில்கீப்புக்குள்ளேயே இரண்டு கொலைகாரர்கள் உனக்காகக் காத்திருக்கிறார்கள். கட்டடங்களுக்குள் நுழையும் முன் சேவ் செய். விடுதிக்கார வின்த்ராப்பிடம் ஒரு கவணும் கல் குண்டுகளும் வாங்கிக்கொள். மேஜும் கவண் பிடிக்கலாம், மந்திரம் தீர்ந்த பிறகு தூர நின்று அதைத்தான் சுழற்றப் போகிறாய். அப்புறம், ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன்னின் படிக்கட்டு. அங்கே டார்னெஷ் என்று ஒருவன் நயமாகப் பேச்சுக் கொடுப்பான். அவனும் உன்னைப் போலவே மேஜ், உன்னைவிட லெவலில் மூத்தவன். தன் உருவத்தைப் பலவாக்கிக்கொள்வான், உன் ஆட்களைப் பீதியில் ஓட வைப்பான், பிறகு மேஜிக் மிஸைல் என்ற மந்திர அம்பை விடுவான். உன் ஆறு புள்ளிக்கு அது போதும். புதிதாக ஆடுகிற ஏராளமானவர்கள் அந்தப் படியில்தான் செத்திருக்கிறார்கள். மந்திரம் ஓதும்போது ஒரு அடி பட்டால் அது கலைந்துவிடும் என்பது இங்கே ரொம்ப முக்கியமான விதி. இமோயெனிடம் மேஜிக் மிஸைல் கோல் ஒன்று தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. அதைப் படிக்கட்டில் பயன்படுத்து, மிச்சம் பிடித்து வைக்காதே. ஒரு மேஜை எப்படி வீழ்த்துவது என்று அங்கே கற்றுக்கொண்டால், உன்னை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதும் புரிந்துவிடும்.

பழைய விதிகளில் எல்லோரும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இரண்டாம் லெவலுக்கு தீஃபுக்கு 1,250 அனுபவப் புள்ளி போதும், ஃபைட்டருக்கு 2,000, மேஜுக்கு 2,500. தொடக்கத்தில் நீதான் கடைசி. ஆனால் ஏழாம் லெவலுக்கு மேஜுக்கு 60,000, ஃபைட்டருக்கு 64,000. நடுவில் எங்கேயோ நீ அவனைத் தாண்டியிருப்பாய், தாண்டியது தெரியக்கூடத் தெரியாது. 20,000 புள்ளியில் ஐந்தாம் லெவல், அங்கே ஃபயர்பால். அதை விடும்போது உன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார், நெருப்புக்கு நம்மவர் எதிரி என்ற பேதம் கிடையாது. முதலில் வந்த ஆட்டத்தில் 89,000 புள்ளியோடு வளர்ச்சி நின்றுவிடும், மேஜின் எட்டாம் லெவலுக்கு 90,000 வேண்டும். ஆயிரம் புள்ளியில் கை நழுவிப்போகும் கொடுமை அது. உன் பதிப்பில் வரம்பு 161,000. ஒன்பதாம் லெவல் வரை, அதாவது ஐந்தாம் வட்ட மந்திரங்கள் வரை போகலாம்.

முதலில் மெலிந்து பிறகு ஓங்கும் இந்த அமைப்பு கணினிக்காக வந்ததில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொகுப்பில் மூன்றே கிளாஸ்தான், சண்டைக்காரர், மந்திரவாதி, மதகுரு. தீஃப்கூட அடுத்த வருடம்தான் சேர்ந்தது. அந்த மேசையில் மந்திரவாதியை எடுக்கிறவர் பல வாரம் மற்றவர்களுக்குப் பின்னால் பதுங்கி நிற்க ஒப்புக்கொண்டார். கூட இருந்தவர்கள் அவரைக் காப்பாற்றினார்கள், பின்னாளில் அவர் அவர்களைக் காப்பாற்றினார். பிறகு வந்த ஆட்டங்கள் பல, எல்லா கிளாஸையும் எல்லா லெவலிலும் சமமாக்கிவிட்டன. சமமாக்கியதில் இந்தக் கடன்பாடு காணாமல் போனது எனக்கு வருத்தம்தான். அது இன்னும் உயிரோடிருக்கும் ஆட்டம் ஒன்றைத் தொடங்கப் போகிறாய் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மற்ற கிளாஸ்களைப் பற்றிக் கொஞ்சம். புனித வீரனான பாலடின் மேல் உனக்குச் சபலம் வரலாம். மனிதர்கள் மட்டும்தான் ஆக முடியும், கரிஸ்மா (வசீகரம்) 17 கட்டாயம், ஊரில் பேர் கெட்டால் சக்திகள் பறிபோகும். அழகான கட்டுப்பாடு, இரண்டாம் தடவை ஆடும்போது எடுத்துக்கொள். பாடகனான பார்ட் எல்லாவற்றிலும் கொஞ்சம், எதிலும் முழுசாக இல்லை. ஃபைட்டர், மேஜ் இரண்டையும் கலந்து ஆடும் எல்ஃப் உனக்குப் பிடிக்கும் என்று யாராவது சொல்வார்கள். புள்ளிகள் இரண்டாகப் பிரிவதால் ஃபயர்பால் இன்னும் தள்ளிப்போகும். இந்த முறை வேண்டாம்.

இதே கேரக்டரை 2000இல் வந்த இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே கிளாஸுக்கு ஏற்றபடி உனக்கென்று ஒரு இருப்பிடம் கிடைக்கும், ஃபைட்டருக்குக் கோட்டை, தீஃபுக்குத் திருடர் சங்கம், பார்டுக்கு நாடகக் கொட்டகை. மேஜுக்கு என்ன என்று சொல்லமாட்டேன், நீயே போய்ப் பார்.

கடைசியாக ஒன்று. ஹை ஹெட்ஜ் என்ற இடத்தில் தலாண்டிர் என்பவரிடம் மந்திரச் சுருள்கள் விற்பனைக்கு இருக்கும். சுருளைப் பார்த்து எழுதிக்கொள்ளும்போது இன்டெலிஜென்ஸ் 18 இருந்தாலும் 85 சதவீதம்தான் வாய்ப்பு, தவறினால் சுருளும் போய்விடும், காசும் போய்விடும். எழுதும் முன் சேவ் செய். நாஷ்கெல் சுரங்கத்தை முடித்ததும் பார்ட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எழுது. சித்தியிடம் தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்.

அன்புடன்,
அக்கா