சூடானால் இறங்கும் முள்

பொள்ளாச்சி
வியாழக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் வந்து சேர்ந்தது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் அம்பாசிடர்தான். பாப்பாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற விஷயம் என்ன ஆச்சு என்று ஒரு வரி இல்லை. தங்கச்சியிடம் போனில் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே தென்னை வாடல் நோய் ஆனைமலைப் பக்கமிருந்து நம் தோப்பு வரைக்கும் வந்துவிட்டது. நோய் கண்ட மரத்தை வெட்டி எடுக்கச் சொல்கிறார்கள். அதை எழுத ஆரம்பித்தால் மனசு கெட்டுப்போகும், விடு.

வண்டிக்கு வருவோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் முள் (சதுர அங்குலத்துக்கு) 60 பவுண்டில் நிற்கிறது, சத்தியமங்கலம் போய்த் திரும்பி வாசலில் நிறுத்தும்போது 15-க்கு இறங்கிவிடுகிறது, இன்ஜின் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறாய். போகவில்லை. அப்படி இறங்கத்தான் வேண்டும்.

உன் மஞ்சள் காட்டுச் சொட்டுநீரை நினைத்துப் பார். மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிறது. பிரஷர் வருவது குழாயின் தடையால். செடி வரிசையில் ஓடும் லேட்டரல் குழாயின் முனையில் மூடி கழன்றுவிட்டால் ஃபில்டர் பக்கத்து மீட்டர் விழும். வால்வை மூடினால் மீட்டர் ஏறும், ஆனால் செடிக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. இன்ஜினிலும் அதே கதைதான். சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளி வழியாக ஆயில் கசிந்து வெளியேறுகிறது. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் கசிவு குறைவு, முள் மேலே. சூடாகி இளகினால் கசிவு அதிகம், முள் கீழே. பேரிங் தேயத் தேய இடைவெளி பெரிதாகி முள் இன்னும் இறங்கும்.

அதனால் காலை 60-ஐப் பார்த்துப் பெருமைப்படாதே. கெட்டி ஆயிலின் பிரஷர் அளவு மீறும்போது ரிலீஃப் வால்வு திறந்து, மிச்சத்தை இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கே, அதாவது சம்புக்கே, திருப்பி விடுகிறது. முள் உச்சியில் நிற்கும் அந்த நேரத்தில் பேரிங்குக்குப் போகும் ஆயில் குறைவாகக்கூட இருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்காதே என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

நீ பார்க்க வேண்டியது வேறு. வண்டி நன்றாகச் சூடான பிறகு மெல்ல ஆக்ஸிலேட்டரை மிதி. சுற்று ஏற ஏற முள்ளும் ஏறுகிறதா? ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு என்று ஒரு பட்டறைக் கணக்கு உண்டு. அது தோராயம்தான், வண்டிப் புத்தகத்தில் உள்ளதே சரியான அளவு. ஆனால் மிதித்தும் முள் அசையாமல் படுத்திருந்தால் கவலைப்பட வேண்டிய விஷயம். அடியில் 'டொக் டொக்' என்று தட்டுகிற சத்தமும் சேர்ந்தால் ஓட்டவே கூடாது.

எனக்குச் சந்தேகம் வேறொரு இடத்தில். புரோக்கர் கையில் இருந்து வந்த வண்டி. தேய்ந்த இன்ஜினில் கெட்டி ஆயிலும் டின்னில் விற்கிற பிசுபிசுப்பு மருந்தும் ஊற்றி முள்ளைத் தூக்கிக் காட்டுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. முதல் வேலையாகப் புத்தகம் சொல்கிற கிரேடில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்று. அதன் பிறகு நிற்கிற முள்தான் நிஜமான முள். மாற்றும் முன் ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார். உன்னுடையது டீசல் வண்டி. டீசல் பம்ப்பின் டயாஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்திருந்தால் டீசல் சம்புக்குள் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். நாற்றமும் வரும், அளவும் கூடியிருக்கும். அளவு கூடினால் நல்லதுதானே என்று நினைத்துவிடாதே.

அப்புறம் திம்பம் மலையைப் பற்றி. பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு 27 கொண்டை ஊசி வளைவும் ஏறப் போகிறாய் என்றால், வளைவு திரும்பும்போது முள் ஒரு நொடி விழுந்து எழுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கச் சொல். விழுந்தால் சம்பில் ஆயில் குறைவு. வண்டி சாயும்போது பம்ப் காற்றை இழுக்கிறது. ஓரம் கட்டி ஊற்றிக்கொள். அதுவே ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு விழுந்தால் ஆசனூர் வரைக்கும் போய்விடலாம் என்று கணக்குப் போடாதே. அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்து. சிவப்பு விளக்கை நம்பி இருக்கவும் முடியாது, பல வண்டிகளில் பிரஷர் ஐந்தாறு பவுண்டுக்கு வந்த பிறகுதான் அது எரியும்.

இத்தனைக்கும் மீட்டரே பொய் சொல்லலாம். ஒயர் இழுத்த மீட்டர் என்றால் சென்சார் பழசாகியிருக்கும், அல்லது எர்த் சரியில்லாமல் இருக்கும். இன்ஜினை இறக்க வேண்டும் என்று எந்த மெக்கானிக் சொன்னாலும், சென்சார் இருக்கிற துளையில் கையால் மாட்டுகிற மீட்டரைப் போட்டு அளந்து காட்டச் சொல். அளக்காமலே இறக்கச் சொல்கிறவனிடம் சாவியைக் கொடுக்காதே.

அந்த மாதிரி மீட்டர் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. தம்பி சனிக்கிழமை கோபிக்கு வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். துளையின் மரை உன் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் போன் பண்ணு.

அன்புடன்,
உன் பொள்ளாச்சி மச்சான்