தன்னார்வலர்கள் பேனாவைக் கீழே வைக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பலர் மலையேறி வருகிறார்கள். உள்ளூரிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கியில் இருந்தவர்கள், பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் விசாரிக்கிறார்கள். நோட்டும் ஸ்வெட்டரும் வாங்கிக் கொடுக்க ஆள் கிடைத்துவிடுகிறது. ஆள் கிடைக்காதது இரண்டு வேலைகளுக்கு. பிள்ளை தன் சொந்த வாக்கியத்தை எழுதப் பழகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஒன்று. உதவித்தொகை, கல்லூரி விண்ணப்பங்களைத் தேதி தவறாமல் முடிக்கத் துணை நிற்பது இன்னொன்று. இரண்டிலும் கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான்: அவசரத்தில் தன்னார்வலர் பேனாவை வாங்கித் தானே எழுதிவிடுகிறார்.

எழுத்து வகுப்புக்கு ஒருவருக்கு ஆறு பிள்ளைகள், மிஞ்சினால் எட்டு. அதற்கு மேல் போனால் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்காருகிற பிள்ளை இங்கும் கடைசிக்குப் போய்விடும். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரே கிழமை, ஒரே இடம். மாதம் ஒரு முழுநாள் முகாமைவிட இது மேல். போன வாரம் எழுதியது மறப்பதற்குள் அதைத் திரும்ப எடுத்துத் திருத்த முடிகிறது. ஒரு கல்வியாண்டு முழுக்க வர முடியாதவர் தொடங்காமல் இருப்பதே உதவி. ஜூலையில் ஆரம்பித்துத் தீபாவளியோடு நின்றுபோகிற வகுப்புக்குப் பிறகு, அடுத்து வருபவரைப் பிள்ளைகள் நம்புவதில்லை.

ஆளுக்கு ஒரு கோடு போட்ட லாங் சைஸ் நோட்டும் இரண்டு பென்சிலும் போதும். வலப்பக்கத்தில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். திருத்தி எழுத இடப்பக்கம் காலியாக இருக்கட்டும். சிவப்பு மை வேண்டாம். முதல் பத்து நிமிடம், எழுதப்போவதை ஒவ்வொருவரும் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த 25 நிமிடம் எழுத்து. அப்போது நீங்களும் ஒரு நோட்டில் எழுதுங்கள். குறுக்கும் நெடுக்கும் நடந்து எட்டிப் பார்த்தால் பிள்ளைகள் கையால் மறைத்துக்கொள்வார்கள். மீதி நேரத்தில் எழுதியவரே சத்தமாக வாசிக்க வேண்டும். நாக்கு இடறும் இடத்தில் வாக்கியம் சரியில்லை என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தலைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'மழைநீர் சேமிப்பின் அவசியம்' என்று கொடுத்தால் நோட்ஸில் உள்ளது அப்படியே வந்து விழும், முன்னுரை பொருளுரை முடிவுரையோடு. தெரிந்த வேலையைக் கேளுங்கள். கவாத்து வெட்டிய தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்து வரும்வரை வீட்டுச் செலவு எப்படி ஓடுகிறது? கேத்தியில் கேரட் கழுவும் இடத்தில் யார் யாருக்கு என்ன வேலை? வழியில் காட்டெருமை நின்றால் பள்ளிக்கு எப்படிப் போவீர்கள்?

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படி எழுதுகிறது என்று வையுங்கள்: 'அம்மா கொழுந்து நிறுக்கும்போது பைக்கு ரெண்டு கிலோ கழிச்சாங்க. ஈரம்னு சொல்லி இன்னும் ரெண்டு கிலோ. அன்னைக்கு வெயில்.' இதை வாங்கிப் பார்க்கும் நல்ல மனிதர், 'தோட்டத் தொழிலாளர்களின் உழைப்பு சுரண்டப்படுவது வேதனைக்குரியது' என்று மாற்றிக் கொடுக்கிறார். இலக்கணம் சரி. ஆனால் நிறுவையும் போயிற்று, வெயிலும் போயிற்று, எழுதிய பிள்ளையும் போயிற்று. இங்கே செய்ய வேண்டியது ஒரு கேள்வி கேட்பதுதான்: "அப்புறம் அம்மா என்ன சொன்னாங்க?" விடை இடப்பக்கத்தில் வரட்டும். 'கழிச்சாங்க' என்பதைக் 'கழித்தார்கள்' ஆக்குவதை அடுத்த வாரம் அந்தப் பிள்ளையே செய்யும்.

பிழை திருத்துவதற்கும் அளவு உண்டு. ஒரு பக்கத்தில் இரண்டு வகைப் பிழைகளுக்கு மேல் தொடாதீர்கள். இந்த வாரம் ர, ற என்றால் அது மட்டும். வல்லினம் மிகுவது பத்தாம் வகுப்புவரை காத்திருக்கும். படுகர் மொழியோ பணியர் மொழியோ வீட்டில் பேசுகிற பிள்ளைக்குப் பள்ளித் தமிழே இரண்டாவது மொழி. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளமும் கலந்து வரும். அப்படிப்பட்டவர்கள் முதல் பத்து நிமிடப் பேச்சை வீட்டு மொழியிலேயே பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பிறகு தமிழில் எழுதட்டும். இதை ஆசிரியர்கள் சிலர் விரும்புவதில்லை. எங்கள் அனுபவத்தில், பேசவிடாமல் எழுதச் சொன்ன பிள்ளை நாலு வரியோடு நின்றுவிடுகிறது.

இடமும் நேரமும் மலைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். சமவெளியில் நடக்கிற மாலை வகுப்பு இங்கே நடக்காது. கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் இருட்டினால் யானை. பஸ்ஸை விட்டால் நடை. மாலை ஐந்துக்குள் பிள்ளை வீடு சேருகிற மாதிரி பள்ளியின் மதிய இடைவேளையோ சனிக்கிழமை காலையோ வையுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர்ப் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மழை விடுமுறை வரும். நாலைந்து வாரத்தைக் கழித்தே ஆண்டுக் கணக்குப் போடுங்கள். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்நேரமும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். பிள்ளையைத் தனியே அழைத்துப் போகக் கூடாது. படம் எடுத்துப் பதிவு போடக் கூடாது. முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் குடியிருப்பு என்றால் வனத்துறையைக் கேட்காமல் போகாதீர்கள்.

இனி வாய்ப்புகள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகைக்கு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது; மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பாடத்தைப் பள்ளியே நடத்திவிடும். வெளியாள் உதவ வேண்டியது மனத்திறன் பகுதிக்கு. எண் தொடர், குறியீடு, திசை எல்லாம் பழகப் பழகத்தான் வரும். பழைய வினாத்தாள்களை மூன்று மாதம் நேரம் வைத்துப் போடச் சொல்லுங்கள். தேர்ச்சி பெற்றபின் கைவிட்டுப்போவதுதான் வருத்தம். ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பெயரும் ஆதாரும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. தொகை சிறிது, பழக்கம் பெரிது. பதினொன்றாம் வகுப்பில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு: பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து கேள்வி, மாநிலம் முழுக்க 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டு. அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு.

நன்கொடையாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து மனமிரங்கி, பணம் கட்டித் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு (2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் வந்தது) ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டுவரை தனியாரில் படித்து ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. பழங்குடியினர் நல உண்டி உறைவிடப் பள்ளி அரசுப் பள்ளியாகவே கணக்கு. அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. இந்த ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பு கிடைத்தால் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இடம் மாறிய பிள்ளை இதையும் இழக்கும், என்.எம்.எம்.எஸ். தொகையையும் இழக்கும், கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயையும் இழக்கும். அந்த நன்கொடையை விடுதிச் செலவுக்கோ பஸ் செலவுக்கோ கொடுத்து, பிள்ளையை இருக்கிற பள்ளியிலேயே படிக்க விடுங்கள்.

சான்றிதழ் வேலையைப் பிளஸ் டூ முடிந்தபின் தொடங்கினால் நேரம் போதாது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை உண்டு, நாள் எடுக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து டான்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டங்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, தாத்தாவின் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை முக்கியமான ஆதாரம். அது டிரங்குப் பெட்டியில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, மழைக்காலத்துப் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். இன்றைக்கே ஸ்கேன் எடுத்து நாலு நகல் போட்டு வையுங்கள். கூடலூரில் 17ஆம் பிரிவு நிலத்தில் (ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின்கீழ் உரிமை இன்னும் தீராத நிலம்) பட்டா இல்லாமல் இருக்கும் குடும்பங்களுக்கு முகவரி காட்டுவதே சிக்கல். ரேஷன் அட்டை சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆகவே அதை மட்டும் முன்கூட்டி வாங்க வேண்டாம், பிளஸ் டூ தேர்வு நேரத்தில் வாங்கினால் போதும். வீட்டில் முதலில் பட்டம் படிப்பவருக்குக் கட்டணச் சலுகை தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குக் குடும்பத்தில் எல்லோருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள். அக்கா அதே சலுகையை வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் பள்ளியில் இனிஷியல் மட்டுமாகவும் இருக்கும். ஆங்கில எழுத்து ஒன்று மாறியிருக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் தயாராவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பிளஸ் டூ முடிவு மே மாதத்தில் வருகிறது. பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் இணையப் பதிவு அதையொட்டியே நடக்கும். ஊட்டியில் அப்போது சீசன். பையன்கள் காட்டேஜிலும் பார்க்கிங்கிலும் கடையிலும் வேலைக்குப் போய்விடுவார்கள், அது அவர்களுக்கு ஆண்டு முழுக்கக் கைச்செலவு. விண்ணப்பத் தேதி முடிந்தது தெரியவே தெரியாது. மே மாதத்தில் வாரம் இருமுறை, காலை எட்டு மணிக்கு முன் அல்லது வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் லேப்டாப்போடு உட்கார ஒருவர் இருந்தால் எவ்வளவோ ஆகும். ஆண்டு முழுக்க வர முடியாத வெளியூர்க்காரருக்கு ஏற்ற வேலை இது ஒன்றுதான்.

அந்த நேரத்தில் கவனிக்க வேண்டியது மின்னஞ்சல். பிரவுசிங் சென்டர்காரர்களே அவசரத்துக்கு ஒரு முகவரி தொடங்கி, கடவுச்சொல்லும் அவர்களே போட்டுவிடுகிறார்கள். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுக்கும்போது உள்ளே நுழைய முடியாது. பிளஸ் ஒன்னிலேயே பிள்ளை தன் மின்னஞ்சலைத் தானே தொடங்கி, கடவுச்சொல்லை எழுத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கட்டும். கொடுக்கும் செல்பேசி எண் ஆகஸ்ட் வரை ரீசார்ஜ் ஆகிற எண்ணாக, வீட்டில் டவர் கிடைக்கிற எண்ணாக இருக்க வேண்டும். ஓடிபி வந்ததே தெரியாமல் போன விண்ணப்பங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் உண்டு. விருப்பப் பட்டியலையும் பிள்ளையே தட்டச்சு செய்யட்டும். நீங்கள் திரையைப் பார்த்தால் போதும்.

சில பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும் 'உங்களைப் பற்றி எழுதுங்கள்' என்று ஒரு பக்கம் கேட்கின்றன. எழுத்து நோட்டு இங்கேதான் பயன்படும். இரண்டு ஆண்டு எழுதிய பிள்ளையின் நோட்டிலிருந்தே அந்தப் பக்கம் உருவாகிவிடும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் தாளில் அழகாக இருக்கும். நேர்காணலில் 'இதை இன்னும் கொஞ்சம் விளக்குங்கள்' என்றால் பிள்ளை விழிக்கும்.

தங்கள் நாளிதழிடமும் இரண்டு கேட்கிறோம். நீலகிரிப் பக்கத்தில் இத்தேர்வுகளின் விண்ணப்பத் தேதியைக் கடைசி நாளுக்கு முந்தைய நாள் போடாமல் இரண்டு வாரம் முன்பே போடுங்கள். கூடலூரில் மழை, மின்தடை, இ-சேவை மைய வரிசை எல்லாம் தாண்டி அவ்வளவு நாள் தேவைப்படுகிறது. வாரம் ஒருமுறை அரசுப் பள்ளிப் பிள்ளை ஒருவர் எழுதிய 150 சொற்களுக்கு இடம் கொடுங்கள். எழுத்துப்பிழையை மட்டும் திருத்தலாம், வாக்கியத்தைத் தொட வேண்டாம். பெயரும் படமும் போட வேண்டுமா என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
எழுத்து வகுப்புத் தன்னார்வலர்கள் சிலர்,
குன்னூர்.