மலரைச் சேர்த்துவிடு

அன்புள்ள முருகேசா,

நீ எழுதிப் பத்து நாளாகிறது, ஒரு அவசர ஆர்டரில் ராத்திரி ஷிஃப்டும் நானே நின்றதால் உடனே பதில் போட முடியவில்லை. உன் பொண்ணு மலர், வெட்டும் கருவியும் வார்ப்பு அச்சும் செய்யக் கற்றுத் தரும் டூல் அண்ட் டை டிப்ளமோதான் படிப்பேன் என்று நிற்கிறாள், ஆயிலும் இரும்புத்தூளுமாகப் பெண்பிள்ளை நிற்பதா என்று அவள் அம்மா அழுகிறாள், நீ நடுவில் நின்றுகொண்டு என்னைக் கேட்கிறாய். சேர்த்துவிடு. ஏன் என்று சொல்கிறேன்.

போன மே மாதம் ஒரு விமான உதிரிபாக ஆர்டர் கிடைத்தது. அலுமினியம், 200 மில்லிமீட்டர் நீளம், அளவில் 20 மைக்ரான்தான் விட்டுக்கொடுக்கலாம், மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெஷினில் இருந்து எடுத்த சூட்டோடு அளந்தோம், எல்லாம் சரியாக இருந்தது, அனுப்பினோம். நாற்பது பீஸும் திரும்பி வந்துவிட்டன. நான் மெஷினைச் சந்தேகப்பட்டேன், புரோகிராமைச் சந்தேகப்பட்டேன், பையன்களைக்கூடத் திட்டிவிட்டேன். எங்களிடம் இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு பொண்ணு இருக்கிறாள், டிப்ளமோ முடித்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, அவள்தான் ஒரு பீஸை ராத்திரி முழுக்க ஏசி அறையில் வைத்து, காலையில் மறுபடி அளந்து காட்டினாள். அளக்கிற கருவியான மைக்ரோமீட்டர் ஏசியில் இருந்தது, பீஸ் மட்டும் மே மாதச் சூட்டிலும் வெட்டிய சூட்டிலும் 15 டிகிரி கூடுதலாக இருந்திருக்கிறது. ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், கணக்குப் போட்டால் எங்கள் பீஸ் ஆறியதும் ஏறக்குறைய 70 மைக்ரான் சுருங்கியிருக்கும். ஒரு தலைமுடி தடிமன், அவ்வளவுதான். உலகம் முழுக்க அளவெடுப்பதற்கு 20 டிகிரிதான் கணக்கு என்று நமக்கும் ஐடிஐயில் சொன்னார்கள், பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிட்டேன். இப்போது அவள் சொல்லாமல் ஒரு பீஸும் பெட்டிக்குள் போகாது.

மலர் படிக்கப்போவது இந்த வேலையைத்தான். நீ மனதில் வைத்திருக்கும் பட்டறை நாம் அரத்தை வைத்துக்கொண்டு ஒரு இரும்புக்கட்டையை மூன்று வாரம் ராவின பட்டறை. இன்றைக்குப் பக்கத்துப் பட்டறையில் ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் ஓடுகிறது. மேலே கீழே, முன்னே பின்னே, இடம் வலம் என்ற மூன்றோடு இரண்டு சுழற்சியும் சேர்ந்து, ஒரே முறை பிடித்த பீஸை ஐந்து பக்கமும் வெட்டி முடித்துவிடுகிறது. முன்பு கழற்றிக் கழற்றி மாட்டும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அளவு போகும், அந்தத் தொல்லை இதில் இல்லை. ஆனால் கட்டர் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், எங்கே அதிரும், கட்டரில் மாட்டும் வெட்டுமுனையில் எந்த இன்சர்ட் தாங்கும் என்பதை ஒரு ஆள்தான் முடிவு செய்ய வேண்டும், அப்படி ஆள் கிடைக்காமல் மெஷின் வாங்கப் பயப்படுகிற முதலாளிகளை எனக்கே தெரியும்.

வேலை நிலைக்குமா என்று கேட்டிருந்தாய். நியாயமான பயம்தான். பிஸ்டன், வால்வு, கியர் என்று எஞ்சின் உதிரி செய்து பிழைக்கிறவர்கள் இங்கே கோயமுத்தூரில் கணபதியிலும் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலும் நிறைய, எலக்ட்ரிக் வண்டிக்கு அதில் பாதி வேண்டாம், அவர்கள் கவலையை நான் தினமும் டீக்கடையில் கேட்கிறேன். இருந்தாலும் அந்த வண்டிக்கு வேண்டியது மோட்டார். மோட்டார் கோயமுத்தூருக்குப் புதுசா? 1930களில் நீலகிரி பைகாராவில் தண்ணீரில் எடுத்த கரண்ட் வந்து மில்கள் பெருகின, மில் மெஷின் பழுதானால் உதிரி செய்யப் பட்டறைகள் வந்தன, 1937லேயே ஜி.டி. நாயுடு இங்கே மோட்டார் செய்து காட்டிவிட்டார், அதற்கப்புறம் பம்ப்செட்டுக்காகக் காயில் சுற்றியும் மோட்டாருக்கான தகடு ஸ்டாம்பிங் அடித்தும் பழகிய கைகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளுக்காக அரசு அறிவித்த வழித்தடத்திலும் இந்த ஊர் ஒரு முனை. விமான வேலைக்கு ஏஎஸ்9100 என்ற தரச் சான்றிதழ் கேட்கிறார்கள், அதை வாங்கி வைத்திருக்கச் சின்னப் பட்டறைக்கு மூச்சு வாங்குகிறது, ஆனாலும் வாங்குகிறார்கள்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். முதல் இரண்டு வருஷம் சம்பளம் குறைவு, நாள் முழுக்க நிற்க வேண்டும். அப்ரண்டிஸ் என்று எடுத்துக்கொண்டு பெட்டி தூக்கவும் தூசி பெருக்கவும் மட்டும் விடுகிற இடங்கள் இருக்கின்றன, அது எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம். அதனால் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் மெஷின் கையில் கிடைக்கும் என்று கேள், மூன்றாம் வருஷப் பிள்ளைகள் தாங்களே செய்த டையைக் காட்டச் சொல், பெண்களுக்கு ஹாஸ்டலும் ராத்திரி ஷிஃப்டுக்கு வண்டியும் உண்டா என்று விசாரி. மழுப்பினால் எழுந்து வந்துவிடு.

அடுத்த சனிக்கிழமை மலரையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு, நம்ம இன்ஸ்பெக்‌ஷன் பொண்ணோடு மலர் மதியம் வரைக்கும் இருக்கட்டும். அவள் அம்மா கேட்க நினைப்பதையெல்லாம் அந்தப் பொண்ணிடமே கேட்கட்டும், நானும் நீயும் வெளியே நிற்கலாம். ராத்திரி சாப்பாடு எங்கள் வீட்டில்.

உன்,
செல்வராஜ்