டேப்பா, லைனா?

நங்கநல்லூர், சென்னை
ஆகஸ்ட் 12

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. நான்கு பக்கத்தில் மூன்றே முக்கால் பக்கம் பேத்தி. மிச்சமிருந்த கால் பக்கத்தில் அடுப்படிக் குழாய். அந்தக் கால் பக்கத்துக்குத்தான் பதில் எழுதப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பேத்தி உன்னைப் போலவே பிடிவாதக்காரியாக வளர்கிறாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

குழாய் சொட்டுவது உனக்குத் தெரியவே இல்லை, இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த அவள் சொல்லித்தான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறாய். வாசித்ததும் சிரித்தேன், அப்புறம் வருத்தமாகிவிட்டது. காது மருத்துவரிடம் போ என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொலைபேசியில் நான் ஒன்று சொன்னால் உனக்கு வேறொன்று கேட்கிறது. அதனால்தான் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன். பிளம்பர் சமாசாரத்தில் ஒரு வார்த்தை மாறிப்போனால் சுவரையே உடைத்துவிடுவார்கள்.

மகன் பெங்களூரில் இருந்தபடியே கைபேசியில் ஆளைப் பதிவு செய்து அனுப்புகிறேன் என்கிறான். எதிர்வீட்டு அம்மாள் குழாயையே மாற்றிவிடு என்கிறாள். நீ என்னைக் கேட்கிறாய். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். இந்தக் கோடையில் நான் ஒரு குழாயைச் சரிசெய்தேன், இன்னொன்றை நாசமாக்கினேன்.

சரிசெய்தது, பின்கட்டில் பாத்திரம் துலக்கும் இடத்தில் இருக்கும் பழைய பித்தளைக் குழாய். வீடு கட்டிய நாளிலிருந்து இருப்பது. ஏப்ரலில் சொட்ட ஆரம்பித்தது. அவர் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பார். நான் செய்தது, என் அம்மா செய்ததை: குழாய் வாயில் ஒரு நூலைக் கட்டி வாளிக்குள் தொங்கவிட்டேன். சொட்டு நூலைப் பிடித்துக்கொண்டே இறங்கிவிடும், சத்தம் இருக்காது. உனக்கு அந்த நூல்கூடத் தேவைப்படாது.

மூன்றாம் நாள், முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த புத்தி விழித்துக்கொண்டது. ஒரு லிட்டர் செம்பை அடியில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் நிரம்பியது. அப்படியானால் நாளைக்கு 12 லிட்டர், மாதத்துக்கு 360, வருடத்துக்கு 4,380. எங்கள் மாடித் தொட்டி 1,000 லிட்டர். நான்கு தொட்டிக்கு மேல் நிரப்பி, சாக்கடையில் கொட்டுகிற கணக்கு. 2019 கோடை உனக்குப் பத்திரிகைச் செய்தி. எனக்கு அது குடத்தோடு நின்ற வரிசை. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். அந்த வருடத்தைச் சென்னையில் கழித்தவளால் நூலைக் கட்டிவிட்டுத் தூங்க முடியவில்லை.

அந்த வகைக் குழாயில் மர்மம் எதுவுமில்லை. கைப்பிடியைத் திருகினால் தண்டு இறங்கும். அதன் நுனியில் இருக்கும் ரப்பர் வாஷர், தண்ணீர் வரும் துவாரத்தின் விளிம்பில் உட்கார்ந்து அடைக்கும். ரப்பர் காய்ந்து இறுகிவிட்டால் சரியாக உட்காராது, சொட்டும். சொட்டுகிறதே என்று நாம் இன்னும் பலமாகத் திருகுவோம். அது இன்னும் நசுங்கும், பிய்யும். மூன்று நாளாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மாடித் தொட்டிக்குக் கீழே இருக்கும் கேட் வால்வை மூடினேன். குழாயைத் திறந்து, தேங்கியிருந்த தண்ணீரை வடியவிட்டேன். தண்ணீர் போகும் துவாரத்தில் ஒரு பழைய துணியை அடைத்தேன். இதை மறந்துவிடாதே, கழற்றுகிற திருகாணி எப்போதும் அந்தத் துவாரத்தைத்தான் தேடிப் போகும். ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றினால், கறுத்துப்போன பாக்குத் துண்டு மாதிரி வாஷர் கைக்கு வந்துவிட்டது. அதையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா அம்மா?" என்றார் கடைக்காரர். "இருந்தால் பழைய வாஷரைக் கொண்டுவராமல் வந்திருப்பார்கள்" என்றேன். ஐந்து ரூபாய். மாட்டுவதற்கு முன் விரலை உள்ளே விட்டு அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன், வழவழப்பாக இருந்தது. அங்கே பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை வாஷர் போட்டாலும் நிற்காது, குழாயைத்தான் மாற்ற வேண்டும். மொத்தம் இருபது நிமிட வேலை. இன்றுவரை ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

உன் அடுப்படிக் குழாய் இந்த வகையாக இருக்காது என்று நினைக்கிறேன், நீ வீடு கட்டி மூன்று வருடம்தானே ஆகிறது. கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினாலே முழுதாகத் திறந்துவிடுகிறதா? அப்படியென்றால் உள்ளே வாஷர் கிடையாது. துவாரம் போட்ட இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். துவாரங்கள் நேருக்கு நேர் வரும்போது தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். தாமிரபரணித் தண்ணீர் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் போல உப்பைப் படியவைக்காதுதான். ஆனால் தொட்டியின் அடியில் கிடக்கும் மணல் ஒன்றிரண்டு வந்து மாட்டினாலும் வில்லையில் கீறல் விழுந்துவிடும். தொட்டியைக் கழுவியதற்கு அடுத்த வாரம்தான் சொட்ட ஆரம்பித்ததா என்று யோசித்துப் பார். கீறல் விழுந்த வில்லையைச் சரிசெய்ய முடியாது, அந்த உள்பாகத்தை முழுதாக மாற்ற வேண்டும். கடையில் ஸ்பிண்டில் என்று கேள். கையில் பழையது கட்டாயம் இருக்க வேண்டும், நீளமும் நுனியில் இருக்கும் பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இனி நாசம் செய்த கதை. ஒரு குழாய் சரியானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குளியலறைக் குழாய் சுவரோடு சேரும் இடத்தில் லேசான கசிவு பல மாதமாக இருந்தது. மே மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அதிலும் கை வைத்தேன். கழற்றி, மரையில் டெஃப்லான் நாடாவைப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி, மறுபடி மாட்டினால் முடிந்தது. அவர் செய்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்துக்கு வேறு கேட் வால்வு. வருடக்கணக்காக யாரும் தொடாதது. திருகினேன், சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மூடிவிட்டது என்று நினைத்தேன். குழாயைத் திறந்தபோதும் தண்ணீர் வரத்தான் செய்தது. உள்ளே தேங்கிய மிச்சம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை இப்படி ஒரு பதில் எழுதியிருந்தால் சுழி போட்டிருப்பேன்.

ரெஞ்சைப் போட்டு ஓர் அழுத்து. குழாய் கையோடு வந்தது, அதோடு, அதைச் சுவருக்குள் ஓடும் குழாயோடு இணைக்கும் நிப்பிள் என்ற துருப்பிடித்த இரும்புத் துண்டில் பாதியும் வந்தது. மறுபாதி சுவருக்குள். மாடித் தொட்டித் தண்ணீர் முழுவதும் என் முகத்தில். உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு போட்ட சத்தத்தில் மாடி வீட்டுப் பெண் ஓடிவந்தாள். அல்வாவுக்குச் சீவிக்கொண்டிருந்த கேரட் கையிலேயே இருந்தது. நிலைமையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, நுனிப் பக்கத்தைத் துவாரத்தில் வைத்து அப்படியே திருகிவிட்டாள். நின்றுவிட்டது. அவளுக்கு வயது இருபத்து நான்கு, படித்தது வணிகவியல்.

பிளம்பரைத் தொலைபேசியில் பிடித்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "டேப்பில் லீக்கா, லைனில் லீக்கா?" நான், "இப்போதைக்கு லீக் இல்லை, கேரட் இருக்கிறது" என்றேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று பிறகுதான் உறைத்தது. கைக்கு எட்டுவதற்கும் சுவருக்குள் ஓடுவதற்கும் நாம் குழாய் என்று ஒரே பெயரை வைத்திருக்கிறோம். குழாய் ஒழுகுகிறது என்றால் எது என்று தெரியாது. கைக்கு எட்டும் டேப் என்றால் நீயே செய்யலாம். கெட்டுப்போனாலும் புதிது வாங்கிக்கொள்ளலாம். சுவருக்குள் ஓடும் லைன் என்றால் கையை எடுத்துவிடு. நான் கை வைத்தது டேப் அல்ல, லைனின் நுனி. அது எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் வந்தார். ஒரு ஹேக்ஸா பிளேடின் துண்டை உள்ளே விட்டு, மாட்டியிருந்த நிப்பிளில் இரண்டு இடத்தில் அறுத்தார். வெளி மரையில் படாமல் அறுக்க வேண்டும் என்பதால் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு சின்ன உளியால் தட்டி உள்பக்கமாக மடக்கினார், துண்டு துண்டாக வெளியே வந்துவிட்டது. ஒரு டைல்ஸ்கூட உடையவில்லை. பித்தளை நிப்பிள் போட்டு, உள்ளே தண்டு உடைந்திருந்த வால்வையும் மாற்றினார். சாமான் போகக் கூலி எண்ணூறு ரூபாய். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. "சுவர்ப் பக்கத்தை ஒரு ரெஞ்சால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் குழாயைத் திருக வேண்டும் அம்மா. துருப்பிடித்த இரும்பு என்றால் அதுகூட வேண்டாம், கூப்பிட்டுவிடுங்கள்" என்றார்.

இப்போது உன் விஷயம். சொட்டு குழாயின் வாயிலிருந்து விழுகிறதா, திறக்கும்போது கைப்பிடியைச் சுற்றிக் கசிகிறதா, சுவரோடு சேரும் இடத்தில் ஈரமா என்று பார். முதல் இரண்டும் டேப் சமாசாரம், பக்கத்து வீட்டுப் பையனைத் துணைக்கு வைத்துக்கொண்டு நீயே முடித்துவிடலாம். ஆனால் ஆரம்பிக்கும் முன் வால்வை மூடிவிட்டு, தண்ணீர் உண்மையிலேயே நிற்கிறதா என்று பார், என்னைப் போல விளக்கம் சொல்லிக்கொள்ளாதே. சுவர் ஓரத்தில் ஈரம் என்றால் ஆளைக் கூப்பிடு. குளியலறையில் வெந்நீரும் தண்ணீரும் கலந்து வருகிற, சுவருக்குள் பதித்த குழாயிலும் கை வைக்காதே. கீசர் பக்கமோ ஸ்விட்ச் பெட்டி பக்கமோ சுவர் நனைந்திருந்தால் தொட்டுக்கூடப் பார்க்காதே. தண்ணீரில் படாமல் மெயினை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்கும் சொல்.

மகன் கைபேசியில் பிடித்துத் தரும் ஆள் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் உன் வீட்டுக்கு லைன் இழுத்தவர் இன்னும் பாளையங்கோட்டையில் இருந்தால் அவரைத்தான் நான் கூப்பிடுவேன். எந்தச் சுவரில் எந்த உயரத்தில் எது போகிறது என்பது அவருக்குத் தெரியும், புதியவர் கொத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். யார் வந்தாலும் கூலியை முதலிலேயே கேட்டுக்கொள், கழற்றிய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. இடது கண்ணில் புரை, செப்டம்பரில் அறுவைச் சிகிச்சை. அது முடிந்ததும் நவராத்திரிக்கு அங்கே வருகிறேன். உன் கொலுவில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை, சுண்டலுக்காக வருகிறேன்.

இன்று இரவு படுக்கும் முன் மோட்டாரைப் போடாதே. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனை மாடிக்கு அனுப்பித் தொட்டியில் தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று ஒரு கோடு போடச் சொல். காலையில், யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால், மறுபடி பார்க்கச் சொல். சொட்டிய கணக்குக்கு மேல் தண்ணீர் இறங்கியிருந்தால் கசிவு வேறெங்கோ இருக்கிறது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எழுது.

உன்
வசந்தா

பி.கு.: அந்தக் கேரட்டை அவள் திருப்பிக் கேட்டாள். தரவில்லை, புதிதாகக் கால் கிலோ வாங்கிக் கொடுத்தேன்.