பொருள்: என் லாண்ட் ரோவருக்கு நீங்கள் போட்ட டீசல் எஞ்சின், முடிக்காமல் விட்ட வேலை

முகாமையாளர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் உள்ள உங்கள் வேலைத்தலத்தில், என்னுடைய சீரிஸ் 3 லாண்ட் ரோவரின் பழைய பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு நிசான் டிடி27 டீசல் எஞ்சின் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டு முழுப் பணத்தையும் வாங்கினீர்கள். பில்லில் "எஞ்சின் மாற்றம், எல்லா வேலையும் உட்பட" என்று எழுதியிருக்கிறது, அதை எழுதியது நீங்கள்தான். இப்போது வண்டி மூன்றாம் கியரில் நிற்காமல் தானாக நியூட்ரலுக்கு விழுகிறது, கிளச்சை மிதித்தால் அரைக்கிற சத்தம் வருகிறது, பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்பது மிதித்த பிறகுதான் தெரிகிறது. போனில் சொன்னேன், நேரில் வந்தும் சொன்னேன், உங்கள் ஆட்கள் ஒவ்வொரு முறையும் சொன்ன பதில் ஒன்றுதான்: "கியர் பொக்ஸ் பழசு அண்ணன், எஞ்சின் ஓடுதுதானே." அதனால் எழுத்தில் தருகிறேன். நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் போனில் நான் சொல்லி முடிக்க முன்னமே வைத்துவிடுகிறீர்கள்.

முதலில் ஒன்று. எஞ்சினைப் பற்றி எனக்குக் குறை இல்லை. டிடி27 வேண்டும் என்று கேட்டதே நான்தான். 2663 சிசி, டைமிங் பெல்ட் இல்லை, கியரில் ஓடுகிற எஞ்சின், பெல்ட் அறுந்து வயல் நடுவில் நிற்கிற கதை அதில் கிடையாது. பழைய 2286 சிசி பெற்றோல் எஞ்சின் குடிக்கிற குடிக்கு என்னால் இனி ஊற்ற ஏலாது. அதோடு வாடியில் உழவு மெஷினுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் எப்படியும் டீசல் வைத்திருக்கிறோம், ஜீப்புக்கு மட்டும் தனியாகப் பெற்றோல் கான் தூக்கிக்கொண்டு போவதில் என்ன புண்ணியம்? இன்னொரு காரணமும் உண்டு. மாரியில் கரடியனாற்றுக்கு உள்ளே இருக்கிற சப்பாத்துப் பாலங்களுக்கு மேலால் தண்ணீர் ஓடும்போது பெற்றோல் எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து நடுத்தண்ணீரில் வண்டி நின்றுவிடும். டீசலில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, கொயிலும் இல்லை, காற்று எடுக்கிற குழாய் மேலே இருந்தால் போதும். இதையெல்லாம் முதல் நாளே உங்களிடம் சொன்னேன், நீங்களும் தலையாட்டினீர்கள். ஆகவே நகரத்துக்குள் கடைக்குப் போய்வர வண்டி கேட்டேன் என்று இப்போது யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, கியர் பொக்ஸ் விசயத்துக்கு வருகிறேன். பொக்ஸ் பழையது என்பது உண்மை, வண்டியே பழையதுதானே. ஆனால் வண்டியை உங்களிடம் விட்ட அன்று உங்கள் ஆளே கல்லடிப் பாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து ஏற்பு அட்டையில் "கியர் பொக்ஸ் நல்லது, நாலு கியரும் விழுகிறது, சத்தம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அட்டையின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். நல்லது என்று எழுதி வாங்கிய பொக்ஸ் உங்கள் வேலைக்குப் பிறகு சத்தம் போட்டால், பழசு என்று சொல்லிக் கையைக் கழுவ முடியுமா?

ஓட்டமாவடியில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் காக்கா இருக்கிறார், லேத் பட்டறையும் வைத்திருக்கிறார். சத்தத்தைக் கேட்டதுமே "பொக்ஸ இறக்குங்க, மறுகா பேசுவம்" என்றார். இறக்கினோம். எஞ்சினின் பிளைவீலில், சின்ன விலகலையும் ஊசியால் காட்டுகிற டயல் கேஜைப் பூட்டி, நிசான் எஞ்சினையும் லாண்ட் ரோவர் பொக்ஸையும் இணைக்க நீங்கள் செய்த அடாப்டர் பிளேட்டோடு சேர்த்து, கிளச்சை மூடுகிற பெல் ஹவுசிங்கின் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஊசி 1.2 மில்லிமீற்றர் ஆடியது. அதாவது எஞ்சினின் மையமும் பொக்ஸின் மையமும் 0.6 மில்லிமீற்றர் விலகி நிற்கின்றன. ஊசி ஆடுவது கால் மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டிய இடம் அது. பார்க்கச் சின்ன அளவுதான், ஆனால் பொக்ஸுக்குள் போகிற முதல் சாவ்ட்டின் நுனி கிராங்க் சாவ்ட்டின் முனையில் இருக்கிற ஸ்பிகட் புஷ்ஷில்தான் உட்காருகிறது, இரண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சாவ்ட் வளைந்து வளைந்து சுற்றும், புஷ் தேயும், பிறகு சாவ்ட்டின் பேரிங் போகும், பிறகு கியர் பற்கள் ஒன்றையொன்று நேராகப் பிடிக்காமல் தள்ளும். மூன்றாம் கியர் ஏன் விழுகிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? கோணல் நுகத்தில் பூட்டின மாட்டுக்குக் கழுத்துப் புண்ணானால் மாட்டுக்கு வயது போய்விட்டது என்றா சொல்வோம்.

மையம் ஏன் விலகியது என்பதும் பிளேட்டைக் கழற்றியதும் தெரிந்தது. டவல் பின் ஒன்றுகூட இல்லை. போல்ட் இறுக்கிப் பிடிக்கும், மையம் பார்க்காது, மையத்தைப் பிடிப்பது டவல் பின், இது லேத் பட்டறையில் பழகுகிற பையனுக்கும் தெரியும் என்று காக்கா சொன்னார். உங்கள் பிளேட்டில் போல்ட் துளைகள் பொருந்தாமல் போயிருக்கின்றன, அதைத் திரும்பச் செய்வதற்குப் பதிலாகக் கிரைண்டரால் துளைகளை நீட்டிப் போல்ட்டை நுழைத்திருக்கிறீர்கள். கிரைண்டர் தடம் அப்படியே இருக்கிறது, படம் எடுத்து வைத்திருக்கிறேன். கிளச் பிளேட்டும் இதே கதைதான். நிசான் தட்டின் நடுவில் லாண்ட் ரோவர் பொக்ஸுக்கு ஏற்ற நடுப்பகுதியை வைத்து ரிவிட் அடிப்பது எல்லாரும் செய்கிற வேலை, அதில் தப்பில்லை, ஆனால் உங்கள் ரிவிட் இப்போதே ஆடுகிறது. ஸ்பிகட் புஷ்ஷைக் கையில் எடுத்தபோது ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. புதிதாகக் கடைந்து போட்ட புஷ் என்று பில்லில் அதற்குத் தனியாகக் காசு எடுத்திருக்கிறீர்கள்!

இது பணம் சம்பந்தப்பட்டது, பேசித் தீர்க்கலாம். பிரேக் அப்படியல்ல.

பெற்றோல் எஞ்சினில் காற்று வழியில் இருக்கிற திரொட்டில் தகடு மூடும்போது இன்லெட் பக்கம் வெக்யூம், அதாவது உறிஞ்சுகிற இழுவை, உண்டாகும், மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பிரேக் பூஸ்டர் அதை வைத்துத்தான் வேலை செய்கிறது. இந்த டீசல் எஞ்சினில் அப்படி மூடுகிற தகடு இல்லை, அதனால் வெக்யூமும் இல்லை, அதற்கென்று தனியாகப் பம்ப் வேண்டும். டிடி27க்கு வருகிற, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஒல்டர்நேட்டரின் பின்பக்கத்திலேயே அந்தப் பம்ப் ஒட்டியிருக்கும், எண்ணெய் போகவும் வரவும் இரண்டு குழாய் கொடுத்தால் வேலை முடிந்தது. நீங்கள் போட்டிருப்பது பம்ப் இல்லாத வேறு ஒரு ஒல்டர்நேட்டர். பூஸ்டரிலிருந்து வருகிற ரப்பர் குழாயை என்ன செய்வது என்று தெரியாமலோ தெரிந்தோ, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கி, பற்றரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிய வந்தது எப்படி என்றால், செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போகும்போது கரடியனாற்றுச் சந்திக்குக் கிட்ட, பின்னேரம் பட்டி மாடுகள் வீதியைக் கடந்துகொண்டிருந்தன. மிதித்தேன், வண்டி வேகம் குறைகிற மாதிரியே இல்லை. இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி, வீதியை விட்டு மண்ணில் இறக்கித்தான் நிறுத்தினேன். பின்னால் விதைநெல் மூட்டை, பக்கத்தில் என் தம்பியின் மகன். மாட்டுக்கும் ஒன்றும் இல்லை, எங்களுக்கும் ஒன்றும் இல்லை, அது உங்கள் திறமையால் அல்ல. இதைச் சொன்னபோது உங்கள் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "டீசல் போட்டா பிரேக் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும் அண்ணன், பழகிரும்." இந்த ஒரு பதிலுக்காகவே இந்தக் கடிதத்தை எழுதலாம். இதற்கு முன் டீசல் மாற்றிய எத்தனை வண்டிகளின் பூஸ்டர் குழாயில் இப்படிப் போல்ட் இருக்கிறது என்று யோசித்தால் எனக்கே பயமாக இருக்கிறது. அவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சரிபார்த்துக் கொடுங்கள், அதை நான் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

மற்றவை சின்னச் சின்ன விசயங்கள், ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே புத்தியைத்தான் காட்டுகின்றன. டீசல் பம்பிலிருந்தும் இன்ஜெக்டரிலிருந்தும் மிஞ்சுகிற டீசல் டாங்கிக்குத் திரும்ப வேண்டும். பழைய பெற்றோல் டாங்கியில் அதற்கு வழி இல்லாததால் நீங்கள் அந்தக் குழாயை பில்டருக்கு முன்னால் ஒரு டீ போட்டு அங்கேயே சேர்த்துவிட்டீர்கள். காற்று வெளியேற இடமில்லாமல் அதே குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது, காலையில் ஹீட்டர் பிளக் எவ்வளவு நேரம் சூடேற்றினாலும் எஞ்சின் இருமி இருமித்தான் எழும்புகிறது. வெப்பமானி லாண்ட் ரோவருடையது, எஞ்சினில் இருக்கிற சென்சர் நிசானுடையது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை, ரேடியேட்டர் கொதிக்கிறபோதும் ஊசி பாதிக்குக் கீழேதான் நிற்கிறது. அதை நம்பி ஓட்டினால் ஹெட் வெடித்த பிறகுதான் தெரியும், அப்போது எஞ்சினும் பழசு என்பீர்கள். டீசல் எஞ்சின் பாரம் கூட, முன் வில்லுத்தகடு அப்படியே பழையது, பள்ளத்தில் இறங்கினால் முன் டிபரன்ஷல் எழும்பி, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற சம்பில் முட்டுகிறது. சம்பில் பள்ளம் விழுந்திருக்கிறது, வந்து பார்க்கலாம்.

அப்புறம் பத்திரம். இதுதான் என்னை வீட்டோடு கட்டிப்போட்டிருக்கிறது. வண்டியின் புத்தகத்தில் பழைய எஞ்சின் இலக்கமும் "பெற்றோல்" என்றும்தான் இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரண்டையும் மாற்ற வேண்டும், அதற்கு இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுகிற கடுதாசி வேண்டும். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் எடுத்தது, இறக்குமதிப் பத்திரத்தின் பிரதி இருக்கிறது, அடுத்த கிழமை தருகிறோம் என்றீர்கள், அந்த அடுத்த கிழமை இன்னும் வரவில்லை. புகைப் பரிசோதனைக்குப் போனால் புத்தகத்தில் பெற்றோல், வண்டியில் டீசல் என்று திருப்பி அனுப்புகிறார்கள். புகைச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஏலாது. காப்புறுதிக்காரரும் பதிவில் இல்லாத எஞ்சினுக்குப் பொறுப்பெடுக்க மாட்டோம் என்கிறார். நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கிய எஞ்சினை வைத்துக்கொண்டு, பொலிஸ் நிற்கிற சந்தியில் நான் கள்ளன் மாதிரி ஒளிக்க வேண்டுமா? உண்மையில் அந்தப் பத்திரம் உங்களிடம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், அது வேறு விதமாகப் பேச வேண்டிய விசயம்.

வொரண்டி எஞ்சினுக்கு மட்டும்தான், பொக்ஸுக்கு இல்லை என்று கடைசியாகச் சொன்னீர்கள். நான் பொக்ஸுக்கு வொரண்டி கேட்கவில்லை. நீங்கள் செய்த அடாப்டர் பிளேட்டுக்கும், நீங்கள் கடைந்த புஷ்ஷுக்கும், நீங்கள் அடைத்த பிரேக் குழாய்க்கும் பொறுப்புக் கேட்கிறேன். அதெல்லாம் உங்கள் வேலை, உங்கள் பில்லில் உள்ள வேலை, வொரண்டிக் காலம் முடிய முன்னமே முதல் முறைப்பாட்டையும் தந்துவிட்டேன், அதற்கான வாட்ஸ்அப் செய்தி உங்கள் போனிலும் இருக்கும்.

எனக்கு வேண்டியது இதுதான். அடாப்டர் பிளேட்டைப் புதிதாக டவல் பின்னோடு செய்து, நான் பார்த்துக்கொண்டிருக்க டயல் கேஜ் வைத்துக் காட்டிவிட்டுப் பூட்ட வேண்டும். பொக்ஸின் முதல் சாவ்ட், பேரிங், தேய்ந்த கியர், கிளச் பிளேட் எல்லாம் உங்கள் செலவு. பம்ப் உள்ள ஒல்டர்நேட்டர், டாங்கி வரை ரிட்டர்ன் குழாய், சரியான சென்சர், முன் வில்லுக்கு ஒரு தகடு கூட. உங்களால் முடியாது என்றால் ஓட்டமாவடியில் செய்விக்கிறேன், அந்தப் பில்லை நீங்கள் கட்டுங்கள், உண்மையைச் சொன்னால் எனக்கு அதுதான் விருப்பம். எஞ்சின் பத்திரம் எப்படியானாலும் வேண்டும்.

கடிதம் கிடைத்து பதினான்கு நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் மட்டக்களப்பு அலுவலகத்தில் முறைப்பாடு கொடுப்பேன். பில், ஏற்பு அட்டை, கேஜ் ஊசி ஆடுகிற வீடியோ, அந்தப் போல்ட் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மழை தொடங்கினால் உள்ளே இருக்கிற வயலுக்கு இந்த வண்டியை விட்டால் வேறு வழி கிடையாது, ஆறு மணிக்குப் பிறகு யானை இறங்குகிற பாதையில் கியர் விழுந்து நிற்க எனக்கு ஆசையும் இல்லை, ஆகவே நாளைக் கடத்திப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

வண்டி இப்போது ஓட்டமாவடிப் பட்டறையில் பொக்ஸ் இறக்கியபடி நிற்கிறது. உங்கள் மெக்கானிக்கை அனுப்புவதென்றால் முதல் நாள் போன் பண்ணிவிட்டு அனுப்புங்கள், நானும் வந்து நிற்கிறேன். வரும்போது எஞ்சின் பத்திரத்தையும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்,
செங்கலடி.