லூர்து நீரும் கிளினிக் கொப்பியும்

ஆசிரியருக்கு,

பெப்ரவரி 11, லூர்து மாதா திருநாள். மலையகத் தோட்டங்களில் கெபிகளை (மாதா சிலைக் குகைகளை) சோடிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: பிரான்சின் லூர்து ஊற்றிலிருந்து போத்தலில் வரும் நீரை நம்பி இன்சுலினை நிறுத்தாதீர்கள். 1858இலேயே துலூஸ் நகரப் பேராசிரியர் ஃபில்ஹோல் சோதித்து, அது சாதாரணக் குடிநீர் என்றார். திருச்சபையும் அதை மருந்தென்று சொல்வதில்லை.

லூர்தில் குணமடைந்தோம் என்போரை ஆராய, அங்கே 1883 முதல் மருத்துவப் பணியகம் இருக்கிறது. நோய் கடுமையானதா, குணம் சடுதியாகவும் முழுமையாகவும் வந்ததா, ஆண்டுகள் கழித்தும் நீடிக்கிறதா என்று மருத்துவர்கள் துருவுவார்கள். பழைய அறிக்கை இல்லாவிட்டாலோ, எடுத்த சிகிச்சையே குணப்படுத்தியிருக்கலாம் என்றாலோ கோப்பு நகராது. மருத்துவர் 'விளக்க முடியவில்லை' என்பதோடு நிறுத்துவார். புதுமை (அற்புதம்) என அறிவிப்பது குணமடைந்தவரின் ஆயர். 2018 வரை அப்படி 70 மட்டுமே.

செபமாலை சொல்கிறவர்களே, கிளினிக் கொப்பியைத் தொலைக்காமல், திகதி தவறாமல் மருந்தெடுங்கள்.

தோட்ட வாசகர்கள்,
ஹட்டன்.